ஜிராவில் ஆளுக்கொரு துணைப்பணி, துணைப்பணிக்கொரு மதிப்பீடு

குழு வேலைகளைப் பதிந்து கண்காணிக்க உதவும் ஜிரா (Jira) மென்பொருளில் ஒரு வேலையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து செய்வதாக இருந்தால், மொத்தத்துக்கும் சேர்த்து 16 மணி நேரம் என்று பதியாமல், ஒவ்வொருவர் பங்கையும் தனித் துணைப்பணியாக உருவாக்கி, தொடக்க மதிப்பீட்டை, அதாவது எவ்வளவு நேரம் ஆகும் என்ற முதல் கணிப்பை, அந்தந்தத் துணைப்பணியிலேயே குறித்துவிடுங்கள். உள்நுழைவுப் பக்கம் ஒன்றை வடிவமைப்புக்கு 3 மணி, நிரலுக்கு 9 மணி, சோதனைக்கு 4 மணி என்று பிரித்துவிட்டால், வேலை எங்கே இழுக்கிறது என்பது நாள் கடப்பதற்கு முன்பே கண்ணில் படும்.

ஜிராவில் ஒரு பணிக்குப் பொறுப்பாளர் ஒருவர்தான், தொடக்க மதிப்பீடும் ஒன்றுதான்; மூவரின் நேரத்தையும் அதில் கூட்டி எழுதினால் யாருக்கு எவ்வளவு என்பது எங்குமே பதிவாகாது. செலவிட்ட நேரத்தைப் பதியப் பதிய மீதமுள்ள நேரம் தானாகக் குறைந்துவர, தொடக்க மதிப்பீடு மாறாமல் நிற்பதால், நம் கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தது என்று ஆள்வாரியாக ஒப்பிட முடிகிறது. தாய்ப்பணியில் துணைப்பணிகளின் நேரத்தையும் சேர்த்துக் காட்டச் செய்யலாம் என்பதால், அங்கே மீண்டும் 16 மணி என்று எழுத வேண்டாம், எழுதினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். இயல்பான அமைப்பில் ஒரு நாள் என்பது 8 மணி நேரம். ஆகவே அரை நாள் வேலைக்கு வருபவருக்கு நாள் கணக்கில் அல்லாமல் மணிக்கணக்கில் எழுதுவதே நியாயம். அந்த எண்ணையும் வேலையைச் செய்பவரிடமே கேட்டு எழுதுங்கள்.

மணிக்கணக்கை விட்டு, வேலையின் அளவைப் புள்ளிகளால் மதிப்பிடும் குழுக்களுக்கும், அரை மணிக்குள் முடியும் சிறு திருத்தங்களுக்கும் இது பொருந்தாது.