ரோபோ கையால் ஃபைபர் மோல்டு அச்சிடுவது எப்படி?

காசிமேட்டு ஃபைபர் படகின் பெட்டி மூடி போன்ற ஒரு பாகத்துக்கு மோல்டு வேண்டுமென்றால், மரத்தில் மாதிரி செதுக்கி, பட்டி பார்த்து, அதன்மேல் மோல்டு எடுப்பதே வழக்கம். ரோபோ கையில் எக்ஸ்ட்ரூடரை, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்கும் கருவியைப் பொருத்திவிட்டால் மாதிரியே தேவையில்லை; கணினி வரைபடத்திலிருந்து மோல்டையே அடுக்கடுக்காக அச்சிட்டுவிடலாம்.

முதலில், பாகம் எளிதாகக் கழன்று வரும்படி வரைபடத்தில் பக்கச் சுவர்களுக்கு 3 டிகிரி சரிவு கொடுங்கள். அச்சிட்ட பரப்பு வரிவரியாக இருக்கும் என்பதால், பின்னர் மில்லிங்கில் (சுழலும் வெட்டுக்கருவியால்) சீவி எடுக்க 4 மி.மீ. கூடுதல் கனமும் விடுங்கள்.

பொருளாக, 20 சதவீதம் கார்பன் இழை கலந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் குருணை போதும். ஆனால் மோல்டில் பாகம் செய்யப் பயன்படுத்துவது அறை வெப்பத்தில் இறுகும் ரெசினாக இருந்தால் மட்டுமே இது ஏற்றது.

அடுத்தது உலர்த்துதல். கடற்காற்று வீசும் சென்னையில் இதில் சிறிதும் சலுகை காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குருணையை 80 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் உலர்த்தி, மூடிய ஹாப்பரிலேயே (எக்ஸ்ட்ரூடருக்குக் குருணை ஊட்டும் தொட்டி) வைத்திருங்கள். நாசிலில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) படபடவென்று சத்தம் கேட்டு, வெளிவரும் இழையில் நுண்குமிழிகள் தெரிந்தால், ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் பின்னால் மோல்டின்மேல் பையை ஒட்டிக் காற்றை உறிஞ்சிப் பாகம் செய்யும்போது, அந்தக் குமிழிகளே வேக்குவம் கசியும் துளைகளாகும்.

அச்சிடும்போது, புதிய அடுக்கு விழுவதற்குச் சற்றுமுன் கீழ் அடுக்கின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ஏபிஎஸ் ஏறக்குறைய 105 டிகிரியில் இளகும். கீழ் அடுக்கு அதைவிடக் குளிர்ந்துவிட்டால் ஒட்டு பலவீனமாகி மோல்டு அடுக்குவாக்கில் பிளக்கும், மிகவும் சூடாக இருந்தால் சுவர் தொய்யும். ரோபோவின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்ய வேண்டும்.

மில்லிங் முடிந்ததும் வரிகளுக்கிடையே சிறு பொந்துகள் திறந்திருக்கும். அவற்றை எபாக்ஸி பட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எபாக்ஸி பூச்சு இரண்டு கை கொடுங்கள். பாலியெஸ்டர் பட்டி வேண்டாம். அதிலுள்ள ஸ்டைரீன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும்.

பாகம் ஒட்டிக்கொள்ளாமல் கழல உதவும் வாக்ஸைப் பூசுவதற்கு முன்பே, மோல்டின் மேல் பிளாஸ்டிக் பையை ஒட்டி, காற்றை உறிஞ்சி, வால்வை மூடிவிட்டு 15 நிமிடம் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால் முதலில் பையின் ஓரத்து ஒட்டுநாடாவை அழுத்திப் பாருங்கள். அதன் பிறகும் இறங்கினால் கசிவது மோல்டின் சுவரே, அதற்கு இன்னொரு கை எபாக்ஸி பூசிவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.