கடையில் சுகம், இரண்டாவது மணி நேரத்தில் தலைவலி: வயர்லெஸ் கேமிங் ஹெட்செட் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

முதன்முதலாக வயர்லெஸ் கேமிங் ஹெட்செட் வாங்கியபோது கடையில் அதை மாட்டிப் பார்த்தது மொத்தமே மூன்று நிமிடம். ஏசி காற்று, மெத்தென்ற குஷன், காதுக்குள் டப்டப்பென்று துப்பாக்கிச் சத்தம். பிரமாதம் என்று பணத்தைக் கட்டிவிட்டேன். அன்று ராத்திரி வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தபோது, நாற்பதாவது நிமிடத்தில் உச்சந்தலையில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவது போல ஒரு வலி. ஒரு மணி நேரத்தில் மூக்குக்கண்ணாடியின் கால் காதுக்கு மேலே பதிந்து சிவப்புக் கோடு போட்டிருந்தது. சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தலையில்தான் வைக்க முடியவில்லை.

அதன் பிறகு எனக்கு, நண்பர்களுக்கு, சித்தப்பா மகனுக்கு என்று ஏழெட்டு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தாயிற்று. எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் பார்த்து வாங்குகிறோம். இரண்டாவது மணி நேரத்தில் தலை என்ன பாடுபடும் என்று அந்தப் பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது.

எடை குறைந்தால் போதும் என்று நம்புவது

லாஜிடெக் ஜி435 வெறும் 165 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறக்குறைய 385 கிராம். பெரும்பாலான வயர்லெஸ் கேமிங் ஹெட்செட்டுகள் 250 முதல் 350 கிராமுக்குள் வந்துவிடும். எடை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எடை தலையில் எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். தலைப்பட்டையின் அடியில் மெல்லிசாக ஒரு ஸ்பாஞ்சை ஒட்டிவிட்ட 260 கிராம் ஹெட்செட், உச்சியில் ஒரே புள்ளியில் பாரத்தை இறக்கும். எலாஸ்டிக் பட்டையைத் தொட்டில் போலத் தொங்கவிட்டு அதில் தலையைத் தாங்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஸ்டீல்சீரிஸின் ஆர்க்டிஸ் வரிசையில் பார்க்கலாம். அப்படிப்பட்ட 320 கிராம் ஹெட்செட் முந்தையதைவிட லேசாகத் தெரியும்.

இரண்டாவது விஷயம் இறுக்கம். ரொம்ப இறுகினால் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். ரொம்பத் தளர்ந்தால் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் உச்சிக்குப் போகும். குனிந்தால் கழன்று மேஜையில் விழும். கடையில் மாட்டினால் தலையைக் குனியுங்கள், கொட்டாவி விடுவது போல வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். குனிந்தால் நழுவுகிறதா, வாய் திறந்தால் தாடை மூட்டில் இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். முடிந்தால் இருபது நிமிடம் கழற்றாமல் வைத்திருந்து கடைக்குள்ளேயே சுற்றி வாருங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், திருப்பி எடுத்துக்கொள்வார்களா, அல்லது பழுதிருந்தால் மட்டும் மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே படித்துவிடுங்கள். 'தலை வலிக்கிறது' என்பது பல இடங்களில் பழுதுக் கணக்கில் வராது.

புது ஹெட்செட் இறுக்கமாக இருந்தால், ராத்திரி அதன் பெட்டியின் மேலேயே விரித்து மாட்டி வைப்பது பழைய வைத்தியம். உள்ளே உலோகப் பட்டை இருந்தால் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் இளகும். வெறும் பிளாஸ்டிக் என்றால் இழுக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

கண்ணாடி, தோடு, காதின் அளவு

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி இல்லாமல் ஹெட்செட்டைச் சோதித்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். குஷன் கண்ணாடியின் காலை மண்டையோட்டோடு சேர்த்து அமுக்குகிறது. கால் தடிமனான அசிடேட் பிளாஸ்டிக் பிரேம் என்றால் வலி இரட்டிப்பு; மெல்லிய கம்பிக் கால் என்றால் தப்பிக்கலாம். வலி ஒருபுறம், கால் நுழைகிற இடத்தில் குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி விழுவது மறுபுறம். அந்த இடுக்கு வழியாக பேஸ், அதாவது தும்தும்மென்ற தாழ்ந்த ஒலி, ஒழுகிப் போகும். 'இதில் பேஸே இல்லையே' என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்களாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மிருதுவான, அழுத்தினால் மெதுவாகத் திரும்பி எழுகிற மெமரி ஃபோம் குஷன் இதற்குப் பரவாயில்லை.

குஷனுக்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். உங்கள் காது முழுசாக உள்ளே போக வேண்டும், காதின் நுனி உள்ளே இருக்கும் துணியைத் தொடக்கூடாது. தொட்டால் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அதற்கப்புறம் காந்த ஆரம்பிக்கும். மேலே சொன்ன ஜி435-இல் காதை மூடும் கிண்ணம் சிறியது. சின்னத் தலைக்குக் கச்சிதம், பெரிய காதுக்காரர்களுக்குச் சிரமம். தோடு போடுகிறவர்கள் தோட்டோடு மாட்டிப் பார்க்க வேண்டும். திருகாணி கழுத்துப் பக்கம் குத்தும். ஜிமிக்கியோடு கேம் ஆட முடியாது, அதற்கு ஹெட்செட் கம்பெனியைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

நம்மூர் வெயிலை மறந்துவிடுவது

ஹெட்செட் விமர்சனங்கள் பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்தில் உட்கார்ந்து செய்தவை. சென்னையில் மே மாத மதியம், மின்விசிறி மட்டும் ஓடும் அறை என்றால் கதையே வேறு. செயற்கைத் தோல் குஷன் வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், பேஸ் கனமாகக் கேட்கும். ஆனால் அரை மணியில் உள்ளே வியர்த்து, காதைச் சுற்றி ஈரம் பிசுபிசுக்கும். இன்னொரு தொல்லை: அந்தத் தோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சுத்தான். ஈரப்பதத்தில் அது மெல்ல மெல்லச் சிதைகிறது. வியர்வையும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. என்னுடையது இரண்டாவது கோடையில் உரியத் தொடங்கியது. கன்னத்தில் கறுப்புக் கறுப்பாகத் துகள் ஒட்டியிருக்கும், அம்மா 'மூஞ்சியில என்னடா கரி?' என்பார். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு மாட்டுகிற பழக்கமும் எனக்கு இருந்தது. எண்ணெய் தலைப்பட்டையில் ஊறி வாடை வந்ததுதான் மிச்சம்.

துணிக் குஷன் காற்றோட்டமானது, தோல் அளவுக்குப் புழுங்காது. பதிலுக்கு விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் கொஞ்சம் உள்ளே வரும், வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஏசி அறையில் ஆடுகிறவர் தோல் வாங்கலாம். விசிறியில் ஆடுகிறவருக்கு என் ஓட்டு துணிக்குத்தான். எதுவானாலும், அந்த மாடலுக்கு மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், குஷன் கிழிகிற அன்றைக்கு ஹெட்செட்டின் ஆயுசும் முடிந்தது.

புளூடூத்தும் டாங்கிளும் ஒன்றுதான் என்று நினைப்பது

கடையில் 'வயர்லெஸ்' என்று எழுதியிருப்பதெல்லாம் கேமுக்கு ஆகாது. சாதாரண புளூடூத்தில் சத்தம் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வருவது சகஜம். யூடியூப் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் படத்தையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்தி உதட்டசைவோடு பொருத்திவிடுகிறார்கள். கேமில் அந்த வித்தை செல்லாது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் 200 மில்லிசெகண்ட் என்றால் 12 ஃபிரேம். எதிராளியின் காலடிச் சத்தம் உங்கள் காதுக்கு வரும்போது அவன் மூலையைத் தாண்டியிருப்பான். யூஎஸ்பி டாங்கிளோடு (கணினியில் செருகும் விரலளவு ரிசீவர்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டுகளில் இந்தத் தாமதம் பெரும்பாலும் 20, 30 மில்லிசெகண்ட் அளவில் நின்றுவிடும்.

மைக் விஷயத்தில் புளூடூத் இன்னும் மோசம். கேட்பதற்கு ஒரு வழி, பேசுவதற்கு வேறு வழி என்று பழைய புளூடூத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். மைக்கை ஆன் செய்த நொடியில் ஹெட்செட் தொலைபேசி வழிக்குத் தாவும். ஸ்டீரியோ போய் கேம் முழுவதும் பழைய லேண்ட்லைன் போலக் கேட்கும். ஹெட்செட் ரிப்பேர் என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைச் சரிசெய்கிறது, ஆனால் ஹெட்செட், கணினி இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

கன்சோல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே புளூடூத் ஹெட்செட்டை நேரடியாக ஏற்காது. எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே தனி வயர்லெஸ் முறை. பிளேஸ்டேஷனுக்கு என்று போட்டு விற்கும் ஹெட்செட் வழக்கமாக எக்ஸ்பாக்ஸில் பேசாது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பை வாங்கினால் பல மாடல்கள் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், கணினி என்று மூன்று இடத்திலும் ஓடும், பெட்டியைப் புரட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாங்கிளைச் செருகும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட்டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். 2012-லேயே இன்டெல் இதை ஆவணமாக வெளியிட்டது. சத்தம் விட்டு விட்டு வந்தால் ஹெட்செட்டைத் திட்டுமுன் டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேஜைக்கு மேலே கொண்டுவந்து பாருங்கள்.

பெட்டியில் உள்ள மற்ற ஜிகினாக்கள்

நாலா பக்கமும் சத்தம் கேட்கிற சரவுண்ட் வசதி என்று பெட்டியில் 7.1 போட்டிருந்தால் உள்ளே ஏழு ஸ்பீக்கர் இருப்பதாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றுதான். மீதி மென்பொருளின் கைவேலை. கேமில் ஏற்கெனவே அந்த வசதி இருக்கும்போது ஹெட்செட்டிலும் போட்டால் திசையே குழம்பிவிடும், ஒன்றை அணைத்துவிடுங்கள். 50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்) 40-ஐவிட நல்லது என்பதும் அப்படித்தான், அளவு தரத்தைச் சொல்லாது. பேட்டரியில் 300 மணி நேரம் சொல்லும் ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் போன்றவையும் உண்டு, ஆனால் 30, 40 மணி நேரமே தாராளம். வண்ண விளக்கு வேண்டாம். மாட்டியிருக்கும் உங்களுக்கு அது தெரியப்போவதில்லை, சார்ஜை மட்டும் தின்னும்.

மைக்கில் பார்க்க வேண்டியது சைடுடோன். உங்கள் குரலை உங்கள் காதுக்கே கொஞ்சம் திருப்பித் தரும் வசதி அது. காதை அடைத்துக்கொண்டு பேசும்போது நம் குரல் நமக்கே கேட்காததால்தான் ராத்திரி பதினோரு மணிக்குக் கத்துகிறோம். சித்தப்பா மகன் வீட்டில் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டியது இந்த வசதி இல்லாத ஹெட்செட்டால்தான்.

சத்தம் எவ்வளவு வைக்கலாம்? பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; 90-க்கு ஏற்றினால் அது 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. விசிறி இரைச்சலை அமுக்கத்தான் பலரும் வால்யூமை ஏற்றுகிறோம், அதனால் துணிக் குஷன் வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது துணிக் குஷனோடு ஆடுகிறேன். விசிறி மூன்றில், வால்யூம் பாதியில், கண்ணாடியை மாற்றும்போது மெல்லிய கம்பிக் காலாகப் பார்த்து வாங்கிவிட்டேன்.