எண்ணெய்க் களத்து வேலையைச் சித்திரக்கதையாக்க

எண்ணெய்த் தொழிலில் கழிந்த நாட்களை வரைய உட்காருபவர்களில் பலருக்கு முதலில் கைக்கு வருவது ஃபிளேர் (உபரி வாயுவை எரிக்கும் சுடர்) கொழுந்துவிட்டு எரியும் இரவும் அதன் முன் கறுத்து நிற்கும் ரிக் என்ற துளையிடும் கோபுரமும்தான். பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் அதில் வேலை இல்லை. 12 மணி நேர ஷிப்ட், திரும்பத் திரும்ப அதே குழாய், யார் யாரை அதட்டலாம் என்ற வரிசை, வேலை இதில்தான் இருக்கிறது.

முதலில் நாட்களைத் திரட்டுங்கள். வாயு கசியக்கூடிய இடங்களில் சாதாரண செல்போனுக்கு அனுமதி கிடையாது, சிறு மின்பொறியே போதும் தீப்பிடிக்க. அதனால் புகைப்படங்கள் அதிகம் தேறாது. ரோஸ்டர், சம்பளச் சீட்டு, பயிற்சி அட்டை, பயண டிக்கெட், வீட்டுக்கு அனுப்பிய மெசேஜ் என்று கிடைப்பதைத் தேதிவாரியாக அடுக்குங்கள். 14 நாள் வேலை, 14 நாள் விடுப்பு என்பது போன்ற சுழற்சியே அத்தியாயப் பிரிப்பாகிவிடும்.

அடுத்து ஒரே ஒரு வேலையை எடுத்து, அசைவு அசைவாகப் பிரியுங்கள். துளையிடும்போது புதுக் குழாய் இணைப்பதையே எடுத்துக்கொள்ளலாம். குழாய்த் தொடர் சற்று மேலே தூக்கப்படும். கிணற்றுக்குள் சேற்றுக் குழம்பைச் செலுத்தும் மட் பம்ப் நிற்கும். குழாய்த் தொடர் நழுவிக் கிணற்றுக்குள் விழாமலிருக்க ஸ்லிப்ஸ் என்ற ஆப்புகளை இறக்குவார்கள். மேல் இணைப்பைக் கழற்றுவார்கள். சுமார் 9.5 மீட்டர் நீளமுள்ள புதுக் குழாயின் மரைக்கு கிரீஸ் பூசி, பொருத்தி, முறுக்குவார்கள். பிறகு பம்ப் ஓடும், ஸ்லிப்ஸ் வெளியே வரும், துளையிடல் தொடரும்.

முதல் தடவை இதற்கு ஆறு கட்டங்கள் கொடுங்கள். இரண்டாவது தடவை மூன்று. பிறகு பக்கத்தின் ஓரத்தில் ஒன்று போதும். வாசகருக்கு வரிசை பழகிய பின், அதே ஆறு கட்டங்களை அதே கோணத்தில் மறுபடி வரைந்து, ஐந்தாவதில் மட்டும் ஒரு கையை இருக்கக்கூடாத இடத்தில் வையுங்கள். “ஐயோ!” என்று பேச்சு பலூன் போடத் தேவையே இராது. ஒன்றில் கவனம் வேண்டும்: பழைய ரிக்குகளில் குழாயை முறுக்கும் டாங் என்ற பெரிய இடுக்கியை ஆட்கள் இழுத்தார்கள், புதியவற்றில் அயர்ன் ரஃப்நெக் இயந்திரம் முறுக்குகிறது. இரண்டையும் கலந்துவிட்டால், களம் தெரிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

முகங்கள் அடுத்த தலைவலி. எல்லாருக்கும் ஒரே கவரால், ஹெல்மெட், கண்ணாடி. தாடி வைத்து வேறுபடுத்தலாம் என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உள்ள களத்தில் சுவாசக் கவசம் முகத்தோடு ஒட்ட வேண்டியிருப்பதால் மழித்த முகம்தான் விதி. மோதிரமும் கூடாது, எதிலாவது மாட்டினால் விரல் போய்விடும். ஆகவே நடை, தோள் சரிவு, கையுறையைச் செருகும் இடம், ஹெல்மெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் என்று ஆளுக்கொரு அடையாளம் வையுங்கள். நிழலுருவமாக வரைந்தாலும் ஆள் தெரிய வேண்டும்.

அந்த வாயுவைக் காட்டும்போது மூக்கை நம்பாதீர்கள். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) எட்டினால் முகரும் திறனே செத்துவிடும். நாற்றம் நின்றதும் ஒருவர் நிம்மதியடைவதாக வரைந்தால், அது அபாயம் கூடிய கட்டமாகத்தான் இருக்க முடியும். வாயுவைக் கண்டறியும் கருவி அலறுவதையும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்துவிட்டு ஆட்கள் காற்றுக்கு எதிராக விலகுவதையும் வரையுங்கள்.

முகாம் வாழ்க்கையில் பெண்கள் படும் தொல்லைக்கு 2022-இல் வந்த கேட் பீட்டனின் ‘டக்ஸ்’ என்ற சித்திரக்கதை நல்ல பாடம். கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணலில் (எண்ணெய் கலந்த மணலைத் தோண்டியெடுக்கும் சுரங்கங்களில்), கருவிகள் எடுத்துக்கொடுக்கும் அறையில் வேலை பார்த்தவர் அவர். ஜன்னலுக்கு வந்து போகிறவர்களின் சின்னச் சின்னப் பேச்சுகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து கனக்கின்றன. அவர்களில் பலர் ஊரைப் பிரிந்து வாடுபவர்கள் என்பதும் மறைக்கப்படவில்லை. வில்லன் ஒருவனை நிறுத்தி எல்லாப் பழியையும் அவன் தலையில் போடுவது சுலபம், ஆனால் இடத்தின் குற்றம் தப்பித்துக்கொள்ளும். அத்தகைய சுரங்கத்தை வரைவதானால் அளவு பிசகக்கூடாது: 400 டன் வகை லாரியின் சக்கரமே ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், பக்கத்தில் நிற்பவர் அதில் பாதிகூட வரமாட்டார்.

பெயர்களை மாற்றினால் மட்டும் போதாது. பதவி, ஊர், காயம் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். குறைந்தது இரண்டையாவது மாற்றுங்கள். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தால் அச்சுக்குமுன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

ஏ5 புத்தகத்துக்கு ஒன்றரை மடங்கில், அதாவது 222 x 315 மில்லிமீட்டரில் வரையலாம். எழுத்துக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள், தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கடைசியில் திணித்தால் பலூன் முகத்தை மூடிவிடும். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சேறும் கிரீஸும் காட்ட மூன்று சாம்பல் நிறங்கள் போதும். அதற்கு மேல் போனால் அச்சில் எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிவிடும்.