எதிர்க்கோரிக்கையை விசாரணைக்கு முன்பே விலக்கப் போய் வாதி செய்யும் தவறுகள்

கூட்டுத் தொழில் முறிந்து, ஒரு கூட்டாளி மற்றவர்மேல் பணம் கேட்டு வழக்குப் போட்டால், எதிராளி எதிர்வழக்குரையோடு (வழக்குக்கு அவர் தரும் எழுத்துப் பதிலோடு) நின்றுகொள்வது அரிது. “கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் வர வேண்டும்” என்று ஓர் எதிர்க்கோரிக்கையையும் சேர்த்துத் தாக்கல் செய்வார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட கட்டளை 8, விதி 6ஏ அதற்கு இடம் தருகிறது. அப்படி வரும் கோரிக்கையை ஒரு வழக்குரையாகவே (வழக்குத் தொடுக்கும் மனுவாகவே) நடத்த வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எனவே அந்த அளவில் வாதி பிரதிவாதியாகிவிடுகிறார். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை, வாதியின் வழக்கறிஞர் இந்த இடமாற்றத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளாததால் வருபவை.

முதலாவதும் விலை அதிகமானதும், எதிர்க்கோரிக்கையைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடக் கேட்கும் நிராகரிப்பு மனுவை மட்டும் போட்டுவிட்டு எதிர்க்கோரிக்கைக்குப் பதிலுரை தாக்கல் செய்யாமல் இருப்பது. “மனு முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று வாய்தா வாங்கிக்கொண்டே போனால், பதிலுரை இல்லாத நிலையில் எதிர்க்கோரிக்கையைப் பொறுத்தவரை வாதிக்கு எதிராகத் தீர்ப்பு வழங்க விதி 6இ நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கட்டளை 7, விதி 11இன்கீழ் வரும் இந்த நிராகரிப்பு மனுவை முதலில் முடித்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடர வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், ஆர்.கே. ரோஜா வழக்கில் (2016) அதே மூச்சில், தவறவிட்ட எதிர்வழக்குரை வாய்ப்பை மீட்டுக்கொள்ளும் உபாயமாக அந்த மனுவைப் பயன்படுத்த முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. ஆட்சேபங்களுக்கு உட்பட்டது என்ற குறிப்போடு பதிலுரையை உரிய காலத்தில் போட்டுவிட்டு, மனுவைத் தனியே நடத்துவதில் எந்த நட்டமும் இல்லை.

அடுத்தது காலவரம்பு. இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஓர் உதாரணம்: 2022 ஜூன் 10 அன்று கூட்டு கலைக்கப்படுகிறது, விலகுபவரின் பங்குக்காக மற்றவர் அன்றே ஒரு கடனுறுதிச் சீட்டு எழுதிக்கொடுக்கிறார். சீட்டை வைத்திருப்பவர் 2025 மே 2 அன்று வழக்குப் போடுகிறார். எதிராளி 2025 ஆகஸ்ட் 20 அன்று, கலைந்த கூட்டின் கணக்கும் இலாபப் பங்கும் கேட்டு எதிர்க்கோரிக்கை போடுகிறார். காலவரம்புச் சட்டத்தின் இனம் 5 இதற்குத் தரும் காலம் கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டு. வழக்கு கெடுவுக்குள் வந்துவிட்டதால் எதிர்க்கோரிக்கையும் அதன் நிழலில் பிழைத்துவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அச்சட்டத்தின் பிரிவு 3 அப்படிச் சொல்லவில்லை; எதிர்க்கோரிக்கை நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட நாளே அதன் தொடக்க நாள். ஆக, அது 2025 ஜூன் 10 அன்றே காலாவதியாகிவிட்டது.

ஆனால் இந்த வாதம் எப்போது நிராகரிப்பு மனுவில் நிற்கும்? கலைந்த நாளை எதிர்க்கோரிக்கையே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும். “2023இல் நான் அனுப்பிய அறிவிப்பால்தான் கூட்டு கலைந்தது” என்று அதில் எழுதியிருந்தால், வாதி தன் கையிலுள்ள கலைப்புப் பத்திரத்தை நீட்டிப் பயனில்லை. விதி 11இன்கீழ் நீதிபதி பார்ப்பது கோரிக்கையில் எழுதியிருப்பதையும் அதோடு சேர்ந்த ஆவணங்களையும்தான். மறுதரப்பின் பதிலையோ சான்றையோ அல்ல. இருபது பக்கத்துக்கு வாட்ஸாப் உரையாடல்களையும் வங்கிக் கணக்கையும் இணைத்து வரும் நிராகரிப்பு மனு, தன்னை அறியாமலேயே “இதற்கு விசாரணை தேவை” என்று ஒப்புக்கொள்கிறது. அந்த ஆவணங்களுக்கு உரிய இடம் பதிலுரை.

பாதியை மட்டும் நிராகரிக்கக் கேட்பதும் இதே ரகம். கணக்கு கேட்கும் பரிகாரம் நிற்கும், நற்பெயர் இழப்புக்கு நட்டஈடு கேட்பது நிற்காது என்று தோன்றினாலும், வழக்குரையைத் துண்டுதுண்டாக நிராகரிக்க இயலாது என்பதை செஜல் கிளாஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது; எதிர்க்கோரிக்கையும் வழக்குரையாகவே நடத்தப்படுவதால் அதே தடை இங்கும் வந்து நிற்கும். அவதூறான, தேவையற்ற பத்திகளை நீக்கக் கட்டளை 6, விதி 16 இருக்கிறது. வழக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள வணிகத் தகராறாக இருந்தால், எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனையப்படுவதற்கு முன்பு கட்டளை 13ஏயின்கீழ் சுருக்கத் தீர்ப்பு, அதாவது முழு விசாரணை இல்லாத தீர்ப்பு, கேட்கலாம்; அங்கே கோரிக்கையின் ஒரு பகுதியை மட்டும் தாக்கவும் வழியுண்டு.

“கூட்டு பதிவு செய்யப்படவில்லை, ஆகவே எதிர்க்கோரிக்கை செல்லாது” என்பது எல்லா மனுக்களிலும் தவறாமல் இடம்பெறும் வரி. கூட்டாண்மைச் சட்டம், 1932இன் பிரிவு 69 அந்தத் தடையை விதிக்கிறது என்பது சரி. கலைப்புக் கேட்கும் உரிமையையும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கும் உரிமையையும் உட்பிரிவு 3 அந்தத் தடையிலிருந்து விலக்கியிருக்கிறது. முறிந்த கூட்டில் வரும் எதிர்க்கோரிக்கைகளில் பல இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். கூட்டு ஒப்பந்தத்தை ஊன்றி வாதியே வழக்குப் போட்டிருந்தால், இந்த வாதம் முதலில் அவர் காலைத்தான் வாரும்.

தனி வழக்காகப் போகட்டும் என்று விதி 6சியின்கீழ் கேட்பவர்கள், எதிர்க்கோரிக்கை குறித்த எழுவினாக்கள் வனையப்படுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். எனக்கு இந்த மனுமேல் பெரிய நம்பிக்கை இல்லை: இரு தரப்பும் ஒரே பேரேட்டையும் ஒரே ஆடிட்டரையும்தான் சான்றாகக் காட்டப்போகிறார்கள். வாதி கேட்பதே கூட்டுக் கணக்கு என்றால் எதிர்க்கோரிக்கையை விலக்கியும் லாபமில்லை. கணக்கு வழக்கில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் வாதியும் பிரதிவாதியும்தான். பாக்கி எவருக்கு வருகிறதோ அவர் பெயரில் தீர்ப்பாணை ஆகும்.

நீதிமன்றக் கட்டணக் குறைவைப் பெரிதாக்க வேண்டாம். அதைக் கட்ட அவகாசம் தந்துவிடுவார்கள். தாமதம் வேறு விஷயம். எழுவினாக்கள் வனையப்பட்ட பிறகு வரும் எதிர்க்கோரிக்கையை அனுமதிக்க முடியாது என்று அசோக் குமார் கால்ரா வழக்கில் (2019) மூன்று நீதிபதிகள் அமர்வு எல்லை வகுத்திருப்பதால், அந்த ஆட்சேபத்தைக் கோரிக்கை வந்த அன்றே எழுத்தில் பதிய வேண்டும்.

எல்லா மனுவும் தோற்றபின் சில வாதிகள் தம் வழக்கையே வாபஸ் வாங்கிவிட நினைப்பதுண்டு. தாய் வழக்கு போனால் எதிர்க்கோரிக்கையும் போய்விடும் என்பது கணக்கு. விதி 6டியின்படி, வழக்கு நிறுத்தப்பட்டாலும் கைவிடப்பட்டாலும் தள்ளுபடியானாலும் எதிர்க்கோரிக்கை தொடர்ந்து நடக்கலாம். வாபஸ் மனுவில் கையெழுத்திடுபவர், அடுத்த வாய்தாவில் பிரதிவாதியாக மட்டுமே அழைக்கப்படுவார்.