விருந்தோம்பலில் நாம் சறுக்கும் இடங்கள்

"வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்" என்று சபையில் ஒரு குடும்பத்திடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர்கள் வேறு ஊருக்கே போய்விட்டார்கள். வீடு இன்னும் ஒழுங்காகவில்லை, அது வேறு கதை.

வீட்டைக் காட்டத்தான் ஆட்களைக் கூப்பிடுகிறோம் என்று நம்மை அறியாமலே நினைத்துக்கொள்கிறோம். சூனேம் ஊர்ப் பெண் தீர்க்கதரிசி எலிசாவுக்காக மாடியில் போட்ட அறையில் இருந்தவை நான்கே: கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு (2 இராஜாக்கள் 4:10). நடந்து களைத்து வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வைத்த சாமான்கள் அவை.

அடுத்த சறுக்கல், யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில். புதிய ஏற்பாட்டில் உபசரிப்புக்கு வரும் கிரேக்கச் சொல் பிலோக்செனியா. அந்நியர்மேல் வைக்கும் அன்பு என்று அர்த்தம். நம் பழந்தமிழிலும் விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர். ஆனால் நம் வீட்டுக்கு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்: போன மாதம் நம்மைக் கூப்பிட்டவர்கள், அடுத்த மாதம் கூப்பிடப்போகிறவர்கள். 'சிநேகிதரையும் பந்துஜனங்களையும் வசதியான அயலகத்தாரையும் அழைக்கவேண்டாம், பதிலுக்கு அவர்களும் உன்னை அழைப்பார்கள்' என்று இயேசு சொன்னது, தன்னை விருந்துக்கு அழைத்தவரிடமே, அவர் வீட்டிலேயே (லூக்கா 14:12). எவ்வளவு தர்மசங்கடமாக இருந்திருக்கும்! ஆராதனை முடிந்ததும் அறிவிப்புப் பலகையை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைக் கூப்பிடலாம்.

இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட மார்த்தாளுக்கு வருவோம். சமைத்ததற்காக ஆண்டவர் அவளைக் கடிந்துகொண்டார் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது அடுப்படியில் நின்றுதானே ஆகவேண்டும்? லூக்கா 10:40ஐ மெதுவாகப் படியுங்கள். அவள் நேராக விருந்தாளியிடம் வந்து, "உமக்குக் கவையில்லையா?" (அக்கறையில்லையா) என்று கேட்கிறாள். எனக்கு உதவச் சொல்லி என் சகோதரியிடம் சொல்லும் என்கிறாள். வீட்டுச் சண்டையில் விருந்தாளியையே பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டாள்! நம் வீடுகளில் இது வாயால் நடக்காது. பாத்திரம் வைக்கும் சத்தத்தில் நடக்கும். வந்தவர் பாதிச் சாப்பாட்டில் "நாங்கள் கிளம்பட்டுமா" என்பார். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுதியதைப் பார்த்தால் (1 பேதுரு 4:9), அந்தக் காலத்திலும் முறுமுறுப்பு இருந்திருக்கிறது.

முறுமுறுப்புக்குப் பாதிக் காரணம், கூப்பிடுகிறவர் ஒருவர், வேலை செய்கிறவர் இன்னொருவர் என்பது. ஆபிரகாம் சாராளை மாவு பிசையச் சொன்னார், சரி. அப்புறம் வெயில் நேரத்தில் தானே மாட்டு மந்தைக்கு ஓடி இளங்கன்றைப் பிடித்துவந்தார். வந்த மூன்று விருந்தாளிகளும் சாப்பிடும்போது பக்கத்திலேயே நின்றார் (ஆதியாகமம் 18). வீட்டு ஆண்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

சாப்பாட்டைத் தூண்டிலாக்குவதும் தவறு. விசுவாசத்தைப் பற்றி வந்தவரே கேட்டால் தாராளமாகப் பேசுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பிரசங்கம் ஆரம்பித்தால், அவர் மறுபடி வரமாட்டார்.

எல்லை வைப்பது அன்புக்குறைவு என்று நினைத்து ஒடிந்துபோகிறவர்களும் உண்டு. ஆதித் திருச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் டிடாகே என்ற பழைய நூல், ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள் என்கிறது. மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி! சுற்றிவளைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. கொடுக்க மட்டும் தெரிந்து, வாங்கத் தெரியாமல் இருப்பது. எம்மாவு வீட்டில் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தவர் விருந்தாளியாக வந்த இயேசுதான் (லூக்கா 24:30). நாமோ, "நான் பாத்திரம் கழுவட்டுமா?" என்று ஒருவர் எழுந்தாலே, "ஐயையோ, நீங்கள் உட்காருங்கள்" என்று பதறுகிறோம். அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால், சோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.