உரம் சரி, நேரம்தான் தப்பு: மண்ணை வளமாக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்த முதல் வருடமே நான் சொதப்பினேன். பயிரை அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழ வேண்டிய வாரத்தில் டிராக்டர் கிடைக்கவில்லை. இருக்கட்டும், இன்னும் வளர்ந்தால் தழை கூடத்தானே கிடைக்கும் என்று எழுபது நாள் விட்டுவிட்டேன். பூத்து, ஆள் உயரம் தாண்டி, தண்டு விறகாகிவிட்டது. அதை உழுது சேற்றில் அமுக்கி, மூன்றாம் நாளே நாற்று நட்டோம். பத்து நாளில் வயல் முழுக்க மஞ்சள். பசுந்தாள் உரம் போட்ட வயலில் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை!

விஷயம் இதுதான். தழையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்ற கணக்கில் தீனி வேண்டும். இளந்தழையில் தழைச்சத்து தாராளம். முற்றிய தண்டில் கரிமம்தான் அதிகம். வைக்கோலில் 60 பங்குக்கும் மேல் போகும். குறைகிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பிறகு திருப்பித் தந்துவிடும், ஆனால் அதுவரை நாற்று பட்டினி. அதனால் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூ எடுக்கத் தொடங்கும் 45 நாள் வாக்கில் மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் மட்க விட்டு நடுவதுதான் முறை. சணப்பு என்ற இன்னொரு பசுந்தாள் பயிருக்கும், பல தானியங்களைக் கலந்து விதைப்பதற்கும் மடக்கி உழும் பருவம் இதேதான். டிராக்டருக்கு விதைக்கிற அன்றே சொல்லிவைத்துவிடுங்கள்.

அப்படியானால் வைக்கோலை மண்மேல் பரப்பும் மூடாக்கும் ஆபத்தா? இல்லை. மேலே கிடக்கும் வைக்கோல் மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் மெதுவாக மட்கும், பயிரின் பங்கில் கை வைக்காது. உள்ளே கலந்து உழுதுவிட்டு உடனே விதைத்தால்தான் சிக்கல். மூடாக்கில் நடக்கும் தவறு வேறு: காய்ந்த மண்ணின் மேல் தடிமனாகப் பரப்புவது. அடுத்து வரும் சிறு தூறலை வைக்கோலே குடித்துவிடும். முதலில் நீர் பாய்ச்சி, ஈரத்தின் மேல் மூட வேண்டும். மரங்களுக்குப் போடும்போது அடித்தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஓர் அடி தள்ளிப் போடுங்கள். அறுத்த வயலில் நெல் தாளை எரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தீ வைத்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

சாணத்தைப் பச்சையாக வயலில் கொட்டுவது இன்னொரு பழக்கம். கூடவே களை விதையும் வரும், கரையானும் வரும். தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் எருக்குழியே காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. நன்கு மக்கிய எருவில் சூடும் சாண வாடையும் இருக்காது, கையில் எடுத்தால் உதிரும். அதையும் குட்டிக் குட்டிக் குவியலாக வைத்து வாரக்கணக்கில் வெயிலில் காயவிடுகிறோம். இறைத்த அன்றே உழுதுவிட வேண்டும்.

இயற்கை விவசாயத்தில் ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசலைப் பற்றிச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். இதில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய சத்து எங்கிருந்து வரும்? அது உறைமோர் மாதிரி. பால் இருந்தால் தயிராக்கும், வெறும் பாத்திரத்தில் ஊற்றினால் மோராகவே கிடக்கும். தழையும் எருவும் மூடாக்கும்தான் பால். அவை இல்லாத கட்டாந்தரையில் மாதாமாதம் ஊற்றிவிட்டு, இயற்கை விவசாயம் எடுபடவில்லை என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே வருடத்தில் இயற்கை விவசாயத்துக்கு மொத்தமாக மாறுவதும் இதைப் போன்ற அவசரம்தான். 2021இல் இலங்கை ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. மாற்றாகப் போடப் போதுமான எருவோ, பழகிக்கொள்ள அவகாசமோ விவசாயிகளுக்குக் கிடைக்கவில்லை. விளைச்சல் விழுந்தது, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஒரு நாட்டுக்கே இந்தக் கதி என்றால் நம் மூன்று ஏக்கர் எந்த மூலைக்கு? முதலில் அரை ஏக்கரில் ஆரம்பியுங்கள். மண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மாதிரி எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் மூன்றையும் தவிருங்கள். பழைய உரச் சாக்கில் போட்டுக் கொடுத்தால் வருகிற முடிவு சாக்குக்குத்தான் பொருந்தும்.

கடைசியாக, டிராக்டரில் மாட்டி மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர். மண் மாவு மாதிரி ஆவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். வருடா வருடம் அதே ஆழத்தில் ஓடினால் அதற்குக் கீழே மண் இறுகி, வேரும் மழைநீரும் அங்கேயே நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், அரை அடியில் முட்டினால் அதுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை ஓட்டினால் அந்த அடுக்கு உடையும். மேல்மண்ணின் நிலை தெரிய இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். வயலில் ஒரு கட்டி, ஏர் படாமல் புல் மண்டிக் கிடக்கும் வரப்பில் ஒரு கட்டி எடுத்துக் காயவைத்துத் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். என் வயல் கட்டி ஐந்து நிமிடத்தில் கரைந்து குழம்பாகிவிட்டது. வரப்புக் கட்டி மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது.