மாரி இரவுக்கு இடியப்பமும் சொதியும்: பால் திரியாமல் வைக்கும் முறை

யாழ்ப்பாணத்துக் குளிரைப் பற்றிக் கதைத்தால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்குச் சிரிப்பு வரும். 22 பாகையெல்லாம் ஒரு குளிரா என்று கேட்பார்கள். ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும், பிறகு தையில் பனி. வாடைக்காற்று கதவிடுக்கால் உள்ளே வரும். தோய்த்துப் போட்ட உடுப்பு காயவே காயாது. திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகிறவர்கள் தலையைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். எங்களுக்கு இது குளிர்தான்.

இந்த நாட்களில் இரவுக்குப் பெரிதாகச் சமைக்க மனம் வராது. இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாக்குழைத்து உரலில் பிழிகிற வேலையை வெயில் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொதியை வீட்டில்தான் வைக்க வேண்டும். இடியப்பத்தோடு பையில் கட்டித் தருவது பெரும்பாலும் மஞ்சள் தண்ணீர்.

மூன்று நான்கு பேருக்கு: பாதித் தேங்காய், பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பச்சை மிளகாய், ஒரு சிறிய உருளைக்கிழங்கு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, பாதித் தேசிக்காய், உப்பு. வெந்தயத்தை ஆசைக்குக் கூட்டிப் போடாதீர்கள், கைக்கும். சம்பலுக்கு வேறு தேங்காய் உடைக்க வேண்டாம், மற்றப் பாதி இருக்கிறதே.

பால் பிழிதல்

சொதி வைப்பதில் எனக்குக் கனகாலம் விளங்காமல் இருந்த இடம் இது. அதே தேங்காய், அதே கை. கோடையில் கட்டியாக வருகிற பால் மாரியில் ஏன் தண்ணீராக வருகிறது? விடை தட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் இருக்கிறது. மார்கழி விடியலில் எடுத்துப் பாருங்கள், வெள்ளையாக இறுகி, கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். பாலில் இருக்கிற கொழுப்பும் அதே எண்ணெய்தான். குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றிப் பிழிந்தால் கொழுப்பு பூவோடேயே தங்கிவிடும், மிச்சம் விரலில் மெழுகாக ஒட்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த தேங்காய் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே தண்ணீரைச் சூடாக்குங்கள். கொதிக்கத் தேவையில்லை, கை பொறுக்கிற சூடு போதும். திருவிய தேங்காய்ப்பூவில் முக்கால் கோப்பை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். இது முதற்பால், தனியாக வையுங்கள். அதே பூவில் இன்னும் இரண்டு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் கப்பிப்பால். இரண்டையும் கலந்துவிட்டால் கீழே சொல்வதெல்லாம் வீண்.

பிளெண்டரில் அடித்துப் பிழிகிறவர்கள் இருக்கிறார்கள். பால் கூடுதலாக வரும் என்பது உண்மை, ஆனால் நுணுக்கமான சக்கை வடியைத் தாண்டி வந்து நாக்கில் உரசும். நான் திருவலைக் கட்சி. கரண்ட் போன இரவிலும் திருவலை வேலை செய்யும்.

அடுப்பில்

கப்பிப்பாலைச் சட்டியில் ஊற்றி, அரிந்த வெங்காயம், கீறிய மிளகாய், சிறிதாக வெட்டிய கிழங்கு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவியவிடுங்கள். இதைக் கொஞ்சம் கவனிக்காமல் விட்டாலும் பரவாயில்லை, கப்பிப்பால் கொதிக்கலாம். கிழங்கு மசியும் பதம் வந்தால் சரி.

இனித்தான் கவனம் வேண்டும். அடுப்பைக் குறைத்துவிட்டு முதற்பாலை ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றி ஆற்றிக்கொண்டே இருங்கள். தேங்காய்ப்பாலில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு 80 பாகையைத் தாண்டினால் அந்தப் புரதம் கட்டியாகிவிடும், எண்ணெய் தனியே மிதக்கும். திரிந்துவிட்டது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஓரத்தில் சின்ன நுரை கட்டி, நடுப்பகுதி இலேசாக எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். ‘ஒரு கொதி வரட்டும்’ என்று நிற்காதீர்கள்.

தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான், அதுவும் ஆவி கொஞ்சம் அடங்கிய பிறகு. சூடு தனியாகச் செய்கிற கேட்டைச் சூடும் புளியும் சேர்ந்தால் இன்னும் வேகமாகச் செய்யும். விதை விழாமல் பாருங்கள், கைப்பு வந்தால் எடுக்க ஏலாது.

பாத்திரம் என்றால் எனக்கு மண்சட்டியும் சிரட்டை அகப்பையும்தான். எவர்சில்வரும் நல்லது. புளி சேர்கிற சமையலுக்கு அலுமினியம் வேண்டாம்.

மச்சம் சாப்பிடுகிறவர்கள் கப்பிப்பாலிலேயே மீன் தலையை அவியவிடலாம். மாரியில் கடல் கொந்தளித்தால் தொழிலுக்குப் போகமாட்டார்கள், சந்தையில் இருக்கிற நாலு மீனும் ஆனைவிலை விற்கும். அந்த நாட்களுக்கு அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிச் சொதியில் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை என்றால் ஒரு பிடி அகத்தியிலை.

பின்னர் சேர்த்தது

‘சொன்னபடியே செய்தேன், இறக்கி வைத்த பிறகு திரிந்துவிட்டது’ என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். விசாரித்தால் மண்சட்டி. அது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அடுப்பை நிறுத்திய பிறகும் உள்ளே கொதிக்கும். மண்சட்டிக்காரர் முதற்பால் ஊற்றுவதற்கு முன்பே அடுப்பை நிறுத்திவிடலாம், சட்டிச் சூடே போதும். நான் மண்சட்டியிலேயே பழகியதால் இதைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை.

கனடாவிலிருந்து கேட்ட அண்ணாவுக்கு: தகரத்தில் வருகிற தேங்காய்ப்பால் குளிரில் மேலே கட்டியாகவும் கீழே தண்ணீராகவும் பிரிந்து நிற்பது பழுதல்ல. திறக்குமுன் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்குங்கள். உறைய வைத்த தேங்காய்ப்பூ என்றால் முழுதாக இளகிய பிறகே சுடுதண்ணீர் விட வேண்டும். தேங்காய்ப் பால்மாப் பைக்கற்றுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர்தான், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும்.

திரிந்த சொதியைக் கொட்டுவதா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பார்வைக்குத்தான் குறை, சாப்பிடலாம். மிஞ்சிய சொதியை மறுநாள் காலையில் நேரே அடுப்பில் வைக்காமல், சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தோடு இறக்கி வைத்துக் கிளறிச் சூடாக்குங்கள். இடியப்பம் மிஞ்சினால் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் ஆவியில் வைக்க, பழையபடி இளகும். இடியப்பம் தீர்ந்து சொதி மட்டும் மிஞ்சியிருந்தால் பாண் வாங்குங்கள்.